‘விர்ட்’ பத்திக்கு ஒரு வக்காலத்து

லினக்ஸில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளை காட்டும் பத்திகளில், ஒரு நிரல் பிடித்திருக்கும் முகவரிகளின் மொத்தத்தை, அதாவது மெய்நிகர் அளவை, சொல்லும் ‘விர்ட்’ அளவுக்கு ஏச்சு வாங்கியது வேறு எதுவும் கிடையாது. “அதைப் பார்க்காதே, உண்மையில் ரேமில் இருப்பதை (ரெசிடென்ட் அளவை) சொல்லும் ரெஸ்ஸைப் பார்” என்பதுதான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடம். பாடத்தில் தப்பும் இல்லை. ஒரு சி நிரலை, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். ஒரு வரி அச்சிட்டுவிட்டுத் தூங்கும் நிரலாக இருந்தாலும் விர்ட் 20 டெராபைட் (டிபி) என்று நிற்கும். மெஷினில் இருப்பதோ 16 ஜிபி ரேம். 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் ஒரு ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) கிடைக்கும் முகவரி வெளி (அது பயன்படுத்தக்கூடிய முகவரிகளின் பரப்பு) 47 பிட், அதாவது 128 டிபி. அதில் எட்டில் ஒரு பங்கைச் சானிடைசர் தன் நிழல் நினைவகத்துக்காகப் பிடித்துப் போட்டுக்கொள்கிறது. அதுவே 16 டிபி ஆகிவிட்டது. ஹாஸ்கெல் நிரல்கள் இன்னொரு ரகம். அவற்றின் கம்பைலரான ஜிஹெச்சி 8.0 வந்ததிலிருந்து எழுந்திருக்கும்போதே 1 டிபி முகவரியை ஒதுக்கிக்கொண்டுதான் எழுந்திருக்கும்.

ஆக, விர்ட் ஒரு ஏட்டுச் சுரைக்காய். இதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம்.

இருந்தாலும் நான் அதற்கு வக்காலத்து வாங்குகிறேன். பல இயங்குதளங்களில் ஓடும் ஒரு கண்காணிப்பு ஏஜென்ட்டைப் பராமரிப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு ப்ராசஸும் எவ்வளவு நினைவகம் வைத்திருக்கிறது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டு எழுதிவைப்பதே அதன் முக்கால்வாசி வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு வேடிக்கை தெரிகிறது. கெர்னல் வெளியே நீட்டும் நினைவகக் கணக்குகளில், சொன்னால் சொன்னபடி பைட் சுத்தமாக இருப்பது மெய்நிகர் அளவுதான். எல்லோரும் நம்பும் ரெஸ், குத்துமதிப்பு.

கெர்னல் இந்த எண்ணை எங்கே வைத்திருக்கிறது, எப்படி வெளியே தருகிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்களை நான் நேரே லினக்ஸ் மூலநிரலுக்கு அனுப்ப மாட்டேன். எம்ஐடியில் பாடம் நடத்துவதற்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளம் போதும். அதில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் (தகவல் தொகுப்பு), அதற்குள் ‘எஸ்இசட்’ என்று 64 பிட் எண் ஒன்று. ப்ராசஸின் நினைவகம் 0 முகவரியில் தொடங்கி அந்த எண் வரை ஒரே நீட்டாக இருக்கிறது. நிரல், டேட்டா, ஸ்டாக்குக்குக் கீழே ஒரு காவல் பக்கம் (பக்கம் என்பது கெர்னல் நினைவகத்தைப் பங்கிடும் துண்டு), ஸ்டாக், ஹீப் எல்லாம் அதற்குள் அடக்கம். இதை நிரலுக்குச் சொல்ல ஒரு சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் கேட்கும் வழி) சேர்க்க வேண்டும். எண் ஒன்று, அட்டவணையில் ஒரு வரி, பயனர் பக்கத்துக்கு ஒரு அறிவிப்பு, உள்ளே ‘இந்த ப்ராசஸின் எஸ்இசட்டைத் திருப்பு’ என்று ஒற்றை வரி. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முடிந்த பிறகுதான் கேள்விகள் முளைக்கும். அந்தக் காவல் பக்கத்தைத் தொட்டால் நிரல் செத்துவிடும்; அதையும் ‘என் நினைவகம்’ என்று எண்ணலாமா? முகவரி வெளியின் உச்சியில், கெர்னலுக்குள் போய்வர உதவும் ட்ராம்போலின் பக்கமும் ட்ராப்ஃப்ரேம் பக்கமும் இந்த ப்ராசஸுக்காகவே மேப் ஆகியிருக்கின்றன. அவை எஸ்இசட் கணக்கில் வரவே இல்லையே? பயனர் பக்கத்து அறிவிப்பில் பழக்க தோஷத்தால் ‘இன்ட்’ என்று போட்டுவிட்டால் 2 ஜிபியைத் தாண்டியதும் எண் எதிர்மறையாகத் திரும்புமே? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வேறு: என் அளவை மட்டும் கேட்காமல் இன்னொரு ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து அதன் அளவைக் கேட்டால்? ஸ்ட்ரக்டில் எஸ்இசட் இருக்கும் பகுதிக்கு மேலே ஒரு குறிப்பு உண்டு. இவை ப்ராசஸுக்கே சொந்தமானவை, ஆகையால் பூட்டு தேவையில்லை என்று. அடுத்தவன் பார்க்கலாம் என்று நீங்கள் கதவைத் திறந்த நிமிடமே அந்தக் குறிப்பு பொய்யாகிவிடுகிறது. ஹீப்பை வளர்க்கும் ஃபங்ஷன் பூட்டுப் போடாமல்தான் எஸ்இசட்டை மாற்றுகிறது. நீங்கள் பக்கத்திலிருந்து பூட்டைப் பிடித்துக்கொண்டு படித்தாலும், ப்ராசஸ் நடுவில் காணாமல் போகாது என்ற உத்தரவாதம் கிடைக்குமே தவிர, படித்த எண் அடுத்த கணமும் அதுவாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதுவும் பரவாயில்லை. வெளியே சொல்லும் எந்த அளவும் சொன்ன கணத்திலேயே பழையதாகிவிடும். ஆனால் படித்த கணத்தில் அது உண்மையாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

லினக்ஸில் இதே எஸ்இசட்டுக்கு ஈடாக இருப்பது ‘எம்எம்’ ஸ்ட்ரக்டுக்குள் உள்ள ‘டோட்டல் விஎம்’. பக்கங்களில் எண்ணுகிறார்கள். எம்மேப் (முகவரித் துண்டைப் பிடிப்பது) நடந்தால் கூட்டு, எம்அன்மேப் (அதை விடுவிப்பது) நடந்தால் கழி, ஸ்டாக் வளர்ந்தால் கூட்டு. இவை நடக்கும்போது முகவரி வெளியின் பூட்டு கையில் இருக்கிறது. ஆகவே தவறவிட வழியே இல்லை. ப்ராசஸ் பிடித்திருக்கும் துண்டுகளைப் பட்டியலிடும் மேப்ஸ் கோப்பில் வரும் துண்டுகளையெல்லாம் உட்கார்ந்து கூட்டினால் அதே விடை வந்துவிடும். இன்டெல் வகையில் மட்டும் சில சமயம் சரியாக 4 கேபி கூடுதலாக வரும். பட்டியலின் கடைசியில் தொங்கும் ‘விசிஸ்கால்’ என்ற பக்கம்தான் அது. கெர்னல் அதைப் பட்டியலில் காட்டும், டோட்டல் விஎம் கணக்கில் சேர்க்காது. எக்ஸ்வி6-இன் ட்ராம்போலின் கேள்வி இங்கேயும் வால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது பாருங்கள்.

அந்த எண்ணை லினக்ஸ் மூன்று வாசல் வழியாக வெளியே விடுகிறது. மூன்றும் ப்ராக் கோப்பகத்தில், ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே இருக்கும் கோப்புகள். ‘ஸ்டாட்எம்’ கோப்பில் ஏழு எண்கள், எல்லாம் பக்கங்களில். ‘ஸ்டேட்டஸ்’ கோப்பில் மனிதர் படிக்கும்படி ‘விஎம்சைஸ்’ என்று பெயரோடு, கேபியில். அந்தக் கேபி 1024 பைட். ‘ஸ்டாட்’ கோப்பில் ஒரே வரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கும். அதில் 23ஆவது மெய்நிகர் அளவு, பைட்டில். அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் 24ஆவது ரெசிடென்ட் அளவு, பக்கத்தில். அடுத்தடுத்து இரண்டு எண்கள், இரண்டு அலகுகள். இதை யார் யோசித்துச் செய்தார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை, அப்படி வளர்ந்துவிட்டது, இனி மாற்ற முடியாது.

பக்கம் என்றால் 4 கேபி என்று நம்பி 4ஆல் பெருக்கிய நிரல்கள் ஊரெல்லாம் உண்டு. ஏஆர்எம் கெர்னலை 16 கேபி பக்கத்திலோ 64 கேபி பக்கத்திலோ கட்டலாம். அங்கே போனால் அந்த நிரல்கள் நாலில் ஒன்றோ பதினாறில் ஒன்றோ காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண் நம்பும்படியாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. பக்க அளவை ‘சிஸ்கான்ஃப்’ என்ற ஃபங்ஷனிடம் கேட்டு வாங்கிப் பெருக்குவதுதான் முறை.

‘ஸ்டாட்’ கோப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டாவது இடத்தில் ப்ராசஸின் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். அந்தப் பெயரை ப்ராசஸ் தானே மாற்றிக்கொள்ளலாம். 15 எழுத்துவரை எது வேண்டுமானாலும் போடலாம். இடைவெளியும் போடலாம், மூடும் அடைப்புக்குறியும் போடலாம். வரியை இடைவெளியில் வெட்டி 23ஆவதை எடுக்கும் நிரலிடம், பெயரில் இரண்டு இடைவெளி வைத்த ப்ராசஸ் தன் அளவென்று வேறெதையோ கொடுத்துவிட்டுப் போய்விடும். கடைசி மூடும் அடைப்புக்குறியைப் பின்னாலிருந்து தேடிப் பிடித்து, அதற்குப் பிறகு எண்ணத் தொடங்குவதே பத்திரம். எங்கள் ஏஜென்ட்டின் சோதனைத் தொகுப்பில் ‘க) ஆர் 1 (’ என்ற மாதிரி விஷமப் பெயர் வைத்த ப்ராசஸ் ஒன்று இதற்காகவே ஓடுகிறது.

ஸ்டாட்எம்மின் ஏழு எண்களில் ஐந்தாவதும் ஏழாவதும் லினக்ஸ் 2.6 முதல் எப்போதும் 0. ஒரு காலத்தில் அவை நூலகப் பக்கங்களையும் மாற்றமடைந்த பக்கங்களையும் சொல்ல வேண்டியவை. இன்று அர்த்தமே இல்லை. ஆனாலும் எடுத்துவிட முடியாது. எடுத்தால் ஆறாவது எண் ஐந்தாவது இடத்துக்கு வந்துவிடும், எங்கோ யாரோ எழுதி மறந்த நிரல் ஒன்று தப்பாகப் படிக்கும். ஒரு முறை வெளியே நீட்டிய கையைக் கெர்னலால் மடக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டு சுழியங்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கோப்பாகத் தருவது பிறவியிலேயே வந்த பழக்கம் அல்ல. 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் கெர்னல் எதையும் நீட்டவில்லை. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ நிரல் தானே கெர்னலின் நினைவகத்துக்குள் கைவிட்டு ப்ராசஸ் அட்டவணையை அள்ளிக்கொண்டு வந்தது. அட்டவணை எந்த முகவரியில் இருக்கிறது என்பதைக் கெர்னல் பைனரியின் சிம்பல் பட்டியலில் பார்த்துக்கொள்ளும். அந்த ஸ்ட்ரக்டிலும் ஒரு அளவு இருந்தது, 64 பைட் துண்டுகளில். ஆனால் அது இன்றைய விர்ட் மாதிரி ஏட்டளவில் நின்றதல்ல. ஸ்வாப் செய்தால் டிஸ்க்குக்குப் போய்வர வேண்டிய பகுதி முழுவதின் அளவு அது. ப்ராசஸ் ஓட அந்த அளவு மெய்யான நினைவகம் வேண்டும். முகவரி அளவும் உண்மை அளவும் ஒன்றாகவே இருந்த காலத்தில் பிறந்த பத்தி இது. பக்கம் பக்கமாக நினைவகம் தரும் முறை வந்தபின் இரண்டும் பிரிந்தன, பத்தி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. கெர்னலில் அந்த ஸ்ட்ரக்டுக்கு ஒரு புலம் கூட்டினால் பிஎஸ்ஸையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குப்பை வரும். ப்ராசஸைக் கோப்பாகக் காட்டலாம் என்று டாம் கில்லியன் எட்டாம் பதிப்பு யூனிக்ஸுக்காகச் செய்து 1984இல் எழுதினார். பிளான் 9 அதைப் படிக்கத்தக்க எழுத்துக் கோப்புகளாக விரித்தது. லினக்ஸ் பிடித்துக்கொண்டது அந்த வால்தான்.

இனி ரெஸ் எப்படிக் குத்துமதிப்பு ஆகிறது என்று பார்க்கலாம். எம்மேப் எப்போதாவது நடப்பது. ஆனால் ஒரு பக்கம் உண்மையில் நினைவகத்தில் வந்து உட்காருவது பேஜ் ஃபால்ட்டில் (நினைவகத்தில் இல்லாத பக்கத்தை நிரல் தொடும்போது), ஒவ்வொரு த்ரெட்டிலும் (ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் இழையிலும்), விநாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் பொதுக் கணக்கைத் தொட்டால் சிபியூக்கள் அந்த ஒரு இடத்துக்காகவே முட்டிக்கொள்ளும். அதனால் 2.6.34 முதல் ஒவ்வொரு த்ரெட்டும் தன் கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, 64 நிகழ்வுக்கு ஒரு முறை பொதுக் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 6.2இல் இதைச் சிபியூவுக்கு ஒரு கணக்கு என்று மாற்றினார்கள். ஒவ்வொரு சிபியூவும் ஒரு எல்லை வரை தன்னிடம் வைத்திருக்கும், படிப்பவருக்கு மையக் கணக்கை மட்டும் காட்டினார்கள். சிபியூ எண்ணிக்கை கூடக் கூட எல்லையும் கூடும், வைத்திருப்பவர்களும் கூடுவார்கள். பிழை இரண்டு பக்கமும் பெருகும். 64 சிபியூ உள்ள மெஷினில் 4 கேபி பக்கத்துக்கு 32 எம்பி வரை விலகலாம் என்று கணக்குப் போட்டால் வருகிறது. சின்ன ப்ராசஸுக்கு அது அதன் மொத்த அளவையும் விழுங்கிவிடும் பிழை. துல்லியம் வேண்டுமென்றால் ‘எஸ்மேப்ஸ்’ படியுங்கள் என்று கையேடே சொல்கிறது. எஸ்மேப்ஸ் படித்தால் கெர்னல் பக்க அட்டவணை முழுவதையும் நடந்து பார்க்கும். பெரிய டேட்டாபேஸ் ப்ராசஸுக்கு அதை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் கண்காணிக்கப் போனவனே பாரமாகிவிடுவான். 4.14இல் வந்த ‘ரோலப்’ கோப்பு வரிகளைக் குறைத்தது, நடையைக் குறைக்கவில்லை.

இதற்கு எதிரில் விஎம்சைஸ்: ஒரு எண்ணைப் படித்து, பக்க அளவால் பெருக்கி, அச்சிடு. அவ்வளவுதான் செலவு. அதன் உச்ச அளவான ‘விஎம்பீக்’கைக் கெர்னல் வைத்திருக்கும் விதமும் எனக்குப் பிடிக்கும். அளவு ஏறும்போது உச்சத்தை எழுதுவதே இல்லை. இறங்கப் போகும் தருணத்தில் மட்டும், இறங்குவதற்கு முன் இருந்ததைக் குறித்துக்கொள்கிறது. நடுவில் யாராவது கேட்டால், குறித்ததையும் இப்போதுள்ளதையும் ஒப்பிட்டுப் பெரியதைச் சொல்லிவிடுகிறது. ஏறிக்கொண்டே இருப்பவனுக்கு உச்சக் கணக்கு எதற்கு என்ற சோம்பேறித்தனம்தான், ஆனால் எவ்வளவு சரியான சோம்பேறித்தனம்!

சரி, துல்லியம் மட்டும் இருந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். எங்கள் ஏஜென்ட் ஓடிய ஓரிடத்தில் ஒரு சர்வீஸ் அவ்வப்போது விழுந்துகொண்டிருந்தது. லாகில் கிடைத்தது புதிய த்ரெட் உருவாக்க முடியவில்லை என்ற ஒரு வரி, பிழைக் குறி ‘ஈ-அகெய்ன்’. வளம் பற்றவில்லை என்று பொருள். எந்த வளம்? ரெஸ் வரைபடம் கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது. மெஷினில் பாதிக்கு மேல் நினைவகம் காலி. உயிரோடு இருந்த த்ரெட்களும் ஒரு கைப்பிடிதான். அந்தக் குழுவினர் த்ரெட் வரம்பு, சிகுரூப் (ப்ராசஸ் குழு) வரம்பு என்று ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்த்து ஓய்ந்திருந்தார்கள்.

விஎம்சைஸ் வரைபடத்தை யாரும் திறந்திருக்கவில்லை. முதல் பாடம்தான் அப்படியாயிற்றே. திறந்தால் படிக்கட்டு. இறங்காத படிக்கட்டு. ஒரு படியின் உயரத்தை அளந்தபோது 8196 கேபி. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அதற்கு முகவரி உண்டு. 8192 கேபி என்பது லினக்ஸில் ஒரு த்ரெட் ஸ்டாக்கின் வழக்கமான அளவு, அதோடு 4 கேபி காவல் பக்கம். சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸில் பார்த்தால் த்ரெட் உருவாகும்போது 8392704 பைட்டுக்கு ஒரு எம்மேப் தெரியுமே, அதே ஆள். ஆக யாரோ த்ரெட்டை உருவாக்குகிறார்கள், அது வேலையை முடித்துவிட்டுப் போகிறது, ஆனால் அதை ‘ஜாயின்’ (முடியும்வரை காத்திருந்து துடைப்பது) செய்யவும் இல்லை, ‘டிடாச்’ (தானே துடைத்துக்கொள்ள விட்டுவிடுவது) செய்யவும் இல்லை. த்ரெட் போய்விட்டது, ஸ்டாக் மட்டும் மேப் ஆனபடியே கிடக்கிறது.

ரெஸ்ஸில் ஏன் தெரியவில்லை? த்ரெட் முடியும்போது, சி நூலகமான ஜிலிப்சி அந்த ஸ்டாக்கின் தேவையற்ற பக்கங்களைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. முகவரியை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒரு த்ரெட்டுக்குச் சில கேபிதான் மிச்சம். ஆயிரம் த்ரெட் ஒழுகினாலும் வரைபடத்தில் கோடு தடித்தது மாதிரிகூடத் தெரியாது. மெய்நிகர் அளவில் அதே ஆயிரம் 8 ஜிபி.

விழுந்ததற்குக் காரணமும் அங்கேதான். ஒரு ப்ராசஸுக்குள் எத்தனை மேப்பிங் இருக்கலாம் என்பதற்குக் கெர்னலில் ஒரு வரம்பு, வழக்கமாக 65530. ஒரு ஸ்டாக்குக்கு இரண்டு மேப்பிங் செலவு. காவல் பக்கத்தின் உரிமை வேறு, ஸ்டாக்கின் உரிமை வேறு, அதனால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றாகச் சேராது. பாதியாக்கினால் 32765. மற்ற மேப்பிங்குகளையும் கழித்துவிட்டால் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் ஒழுகலில் கதை முடியும். அப்போது விஎம்சைஸ் 256 ஜிபியை நெருங்கியிருக்கும். விழுவதற்கு முன் வரைபடம் எங்கே நின்றது என்று பார்த்தோம், கணக்குக்குப் பக்கத்திலேயே நின்றது. ஒவ்வொரு வெளி இணைப்பு முறியும்போதும் ஒரு உதவி த்ரெட்டை எழுப்பும் நூலகம்தான் குற்றவாளி. அதற்கு ஒரு ‘டிடாச்’ போட்டார்கள், படிக்கட்டு நின்றது.

இங்கே 8196 என்று பைட் சுத்தமாக வந்ததுதான் துப்பே. ரெஸ் மாதிரி சற்று முன்னே பின்னே இருக்கும் எண்ணாக இருந்தால், ‘ஏதோ ஏறுகிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன்: விர்ட்டின் மொத்தத்தைப் பார்ப்பதில் பயனில்லை, வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு படி 8196 கேபி என்றால் த்ரெட் ஸ்டாக். 65536 கேபி என்றால் ஜிலிப்சியின் மால்லாக் (நிரலுக்கு நினைவகம் தரும் ஃபங்ஷன்) புதிய அரீனா (அது பங்கிட்டுத் தரும் கிடங்கு) ஒன்றைத் திறந்திருக்கிறது. 64 பிட்டில் அது பிடிக்கும் துண்டு அவ்வளவு. அது கசிவு அல்ல, த்ரெட் கூடினால் அரீனாவும் ஒரு வரம்பு வரை கூடும், பிறகு நின்றுவிடும். படியின் உயரம் ஏதாவது ஒரு கோப்பின் அளவோடு பொருந்தினால், யாரோ கோப்பை மேப் செய்துவிட்டு விடுவிக்க மறந்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்த எண் வெளியே தெரிய வேண்டும். ‘யூலிமிட்’ கொண்டு முகவரி வெளிக்கு வரம்பு வைத்தால், கெர்னல் ஒப்பிட்டுப் பார்ப்பது இதே டோட்டல் விஎம்மைத்தான். தாண்டினால் எம்மேப் தோற்கும். எந்தக் கணக்கை வைத்து ஒருவனை நிறுத்துகிறாயோ அந்தக் கணக்கை அவனுக்குக் காட்டத்தானே வேண்டும்? ரெசிடென்ட் அளவுக்கும் அதேபோல் ஒரு வரம்பு பெயரளவில் இருக்கிறது, 2.4.30 முதல் லினக்ஸ் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

மற்ற இயங்குதளங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஃப்ரீபிஎஸ்டி கோப்பு எதுவும் இல்லாமல் ‘சிஸ்கன்ட்ரோல்’ வழியாக ஒரு பெரிய ஸ்ட்ரக்டையே தூக்கிக் கொடுக்கிறது. 64 பிட் இன்டெல்லில் அது 1088 பைட், எதிர்காலத்துக்கென்று காலி இடங்களோடு. பிரித்துப் படிக்கும் தொல்லை இல்லை, ஆனால் அங்கேயும் மெய்நிகர் அளவு பைட்டில், ரெசிடென்ட் பக்கத்தில். இந்த வியாதி எப்படியோ எல்லைதாண்டிப் பரவியிருக்கிறது. விண்டோஸில் சாதாரண நிரலுக்கே மெய்நிகர் அளவு 2 டிபிக்கு மேல் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கன்ட்ரோல் ஃப்ளோ கார்டு என்ற பாதுகாப்பு ஏற்பாட்டுக்காக ஒதுக்கிய பிட்மேப் அது. மேக்ஓஎஸில் ஆப்பிள் சிலிக்கான் மெஷின்களில் ஒன்றுமில்லாத ப்ராசஸுக்கும் நூற்றுக்கணக்கான ஜிபி வரும். அங்கே இன்னொரு பயனரின் ப்ராசஸ் அளவைக் கேட்க விசேஷ உரிமை வேண்டும், அதைக் கண்டவனுக்கும் கொடுக்க மாட்டார்கள்.

அந்தக் கண்டிப்பைப் பார்த்து நான் முதலில் சலித்துக்கொள்வேன். இப்போது அப்படியில்லை. லினக்ஸில் மேப்ஸ், எஸ்மேப்ஸ் படிக்கத்தான் உரிமை பார்க்கிறார்கள். ஸ்டாட், ஸ்டாட்எம், ஸ்டேட்டஸ் மூன்றும் வழக்கமாக எல்லோருக்கும் திறந்தவை. வெறும் அளவுதானே, அதில் என்ன ரகசியம் என்ற எண்ணம். 2012இல் சுமன் ஜனாவும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்தது. எந்த விசேஷ உரிமையும் இல்லாத ஒரு ப்ராசஸ், பக்கத்தில் ஓடும் பிரவுசரின் நினைவக அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ப்ராக் வழியாகத் திரும்பத் திரும்பப் படித்து, அந்த பிரவுசரில் பயனர் எந்த வலைப்பக்கத்தைத் திறந்தார் என்றே கண்டுபிடித்துவிட முடியும் என்று காட்டினார்கள். எனக்கு 8196 கொடுத்த அதே துல்லியம், ஒட்டுக்கேட்பவனுக்கும் பயன்படுகிறது. 3.3 கெர்னலில் ‘ஹைட்பிட்’ என்ற மவுன்ட் விருப்பம் வந்தது. போட்டால் அடுத்த பயனரின் ப்ராசஸ் விவரம் தெரியாது. ஆண்ட்ராய்டு 7 முதல் அதைப் போட்டேவிட்டது. பலர் சேர்ந்து புழங்கும் மெஷினில் அது இல்லாமல் இருப்பதைப் பார்த்தால் நான் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். ஏஜென்ட்டுக்கு மட்டும் தனிக் குழு உரிமை கொடுத்தால் போதும்.

எங்கள் ஏஜென்ட்டில் இப்போது விதி இதுதான். எந்த இயங்குதளமானாலும் எண் பைட்டில், 64 பிட்டில், புலத்தின் பெயரிலேயே ‘பைட்’ என்ற சொல்லோடு போகும். கெர்னல் த்ரெட்களுக்கு முகவரி வெளி என்பதே கிடையாது. ஸ்டாட்எம் அவற்றுக்கு 0 காட்டும், ஸ்டேட்டஸில் அந்த வரியே வராது. நாங்கள் ஸ்டேட்டஸ் பக்கம் நின்றோம்: இல்லாததை இல்லை என்றே அனுப்புகிறோம், 0 என்று அனுப்புவதில்லை. ஜாம்பி ஆன (முடிந்தும் பட்டியலில் நிற்கும்) ப்ராசஸுக்கும் அதே. ஒரே ப்ராசஸின் த்ரெட்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கூட்டுவதைத் தடுத்துவிட்டோம், எல்லாம் ஒரே முகவரி வெளி என்பதால் கூட்டினால் வருவது வெறும் வாய்ப்பாடு. டாஷ்போர்டில் மெய்நிகர் அளவின் மொத்தம் கிடையாது. அதற்குப் பதில் முந்தைய அளவீட்டிலிருந்து எவ்வளவு மாறியது என்ற கோடு மட்டும் வரும், 8196இன் மடங்காக ஏறினால் நிறம் மாறும். சானிடைசர் போட்டு ஓட்டும் சோதனை மெஷின்களிலும் அது அமைதியாக இருக்கிறது. 20 டிபி என்று யாரும் இப்போது டிக்கெட் போடுவதில்லை.